ஆறு மாதத்தில் ஒன்பது பாடம்

ஏப்ரல் 14, 2023

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு,

நானும் நாயும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏணி ஏறும்போது பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லை பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாயா?

ஏரிகளில் பனி உருகிக் கப்பல் சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இந்த வருடத்தின் முதல் கடிதம் இது. போன கிறிஸ்துமஸில் தொலைபேசியில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு நீதானே சொன்னாய், "இனிமே எழுதியே பேசிக்கலாம்க்கா, எழுதுறப்ப நீ குறுக்க பேச முடியாதுல்ல" என்று. சரி, குறுக்கே பேசாமல் கேள்.

நான் பட்டப் படிப்பை முடிக்கப் போகிறேன். சிரிக்காதே. இரண்டு வருடமாக இணையத்தில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கல்லூரியில் வகுப்பு கிடையாது, மணி அடிப்பது கிடையாது. ஒரு விஷயம் உனக்குத் தெரியும் என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பாடம் முடிந்தது. ஒரு நாளில் நிரூபித்தாலும் சரி, ஆறு மாதம் எடுத்துக்கொண்டாலும் சரி. கட்டணம் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம்தான். அதற்குள் எத்தனை பாடம் முடிக்கிறாய் என்பது உன் சாமர்த்தியம்.

எனக்கு இன்னும் ஒன்பது பாடம் பாக்கி, பட்டியலைத் தனித்தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன். மே ஒன்றில் தொடங்கி அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் ஒன்பதையும் முடிக்க வேண்டும். எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருக்கும் ஷனெல் என்ற பெண் திங்கள்தோறும் போன் செய்வாள். "கோரின், எல்லாரும் நாலுதான் எடுப்பாங்க. ஒன்பதுன்னா மூச்சு முட்டிப் போயிடும்" என்கிறாள். ஆனால் எங்கள் அவசர அழைப்பு மையத்தின் இயக்குநர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க நவம்பர் பதினைந்து கடைசி நாள், பட்டம் கட்டாயம். இருபத்தாறு வருடமாக 911 அழைப்பு எடுக்கிறேன், பதினோரு வருடமாக ஷிஃப்ட் மேற்பார்வை. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த நாற்காலி காலியானபோது கையில் காகிதம் இல்லாததால் விண்ணப்பப் படிவத்தைக்கூட வாங்க முடியவில்லை. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

எதை முதலில் எடுப்பது என்றுதான் குழப்பம். தெரிந்ததை எல்லாம் முதலில் முடித்துவிட்டுப் புள்ளியியலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா? கேப்டனுக்கு அடுத்தபடியாக நின்று கப்பலில் சரக்கு ஏற்றுகிற முதல் மேட் நீ, உனக்கு ஒரு யோசனை இருக்கும்.

உன் அக்கா,
கோரின்

---

ஏப்ரல் 27
டுலூத் துறைமுகம்

அன்புள்ள அக்கா,

நலம். முழங்கால் பட்டை பெட்டியில்தான் இருக்கிறது, நீ சொன்னது சரி.

கடிதத்தைக் கப்பல் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். "எனக்குக் காலேஜ் பிடிக்கலை" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. நானும் அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒன்பதா? ஒரு கோழியை முழுசாக விழுங்குகிற ஆசை உனக்கு.

யோசனை கேட்டாய், சொல்கிறேன். இந்தக் கப்பல் ஆயிரம் அடி நீளம். இரும்புத் தாது உருண்டைகளை முன்பக்கமே கொட்டிக்கொண்டு போனால் நடுவில் முதுகு ஒடிந்துவிடும். அதனால் நடுவில் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம், மறுபடி நடுவில் என்று மாற்றி மாற்றி ஏற்றுவோம். நீயும் அப்படி ஏற்று. ஒரு கனமானது, ஒரு லேசானது. புள்ளியியலைக் கடைசிக்கு வைத்தால் அக்டோபரில் உன் முதுகு ஒடியும். மே மாதமே தொட்டுவிடு, தினமும் அரை மணி. நடுநடுவே உனக்குத் தூக்கத்தில்கூடத் தெரிகிற பேரிடர்ப் பாடம், நெறிமுறைப் பாடம் எல்லாம் வரட்டும். பட்டியலில் எட்டுதான் இருக்கிறது, கடைசியில் என்ன பாடம் வைத்திருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லையே.

உன் எட்டுப் பாடத்தையும், பெயர் தெரியாத ஒன்பதாவதையும் காகிதத்தில் எழுதிச் சமையலறைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டேன். கேப்டன் ஆல்ட்மன் பார்த்துவிட்டு, "யாருய்யா இந்தம்மா?" என்றார். "எங்கக்கா சார்" என்றேன்.

நாயைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
வெஸ்

---

ஜூன் 5

அன்புள்ள வெஸ்லி,

நலம். நாய்க்குச் சொல்லிவிட்டேன், அதற்கு உன்னை நினைவில்லை.

மூன்று முடிந்தது. உன் குளிர்பெட்டிக் காகிதத்தில் அடித்துவிடு. பேரிடர்த் திட்டமிடல் ஆறே நாளில். நம் கவுண்டி நிர்வாகத்தின் வெள்ளத் திட்டத்தை எழுதியவர்களில் நானும் ஒருத்தி, அதையே என்னிடம் கேள்வியாகக் கேட்டார்கள். நெறிமுறைக்கு ஒன்பது நாள். பணியாளர் நிர்வாகத்துக்குப் பதினொன்று. ஷனெலுக்குப் போனில் சொன்னேன். "நீங்க என்ன ராக்கெட்டா?" என்று கேட்டாள். புள்ளியியல் தினமும் அரை மணி நேரம் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

ஒன்றில் மூக்கு அறுபட்டேன். பேச்சுப் பாடம். ஏழு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நான் அனுப்பியது ஒரு நிமிடம் நாற்பது வினாடி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? திருத்துபவர் திருப்பி அனுப்பிவிட்டார்: "தகவல் முழுமை. பேச்சாளரைத்தான் காணவில்லை." மையத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் டெனிஸ் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, முதல் வரியிலயே முகவரி சொல்லிட்டீங்களே, கேக்குறவங்க ஆம்புலன்ஸ் அனுப்பிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு நம் ஊர் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் கப்பல் கீழ்நோக்கிப் போனது. மேல்தளத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு ஒருவர் நின்றார். நீயா?

அன்புடன்,
அக்கா

---

ஜூன் 21
டெட்ராய்ட், தபால் படகுக்குக் காத்துக்கொண்டு

அன்பு அக்கா,

நான்தான். கையை ஆட்டினேன், நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எல்லாரும் நலம். சமையற்காரர் மூன்று பாடத்தையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். இயந்திர அறைக்காரர்கள்கூட வந்து கேட்கிறார்கள், "அக்கா புள்ளியியல் முடிச்சிட்டாங்களா?" என்று. நீ யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் கவலைப்படுகிறார்கள்.

பேச்சை என்னிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசு. என்னிடம் நீ ஏழு நிமிடத்தில் நிறுத்தியதே கிடையாது.

போன வாரம் நம் ஊர்ப் பூங்காவில் ஒரு கல்யாணம். பெண் வெள்ளைக் கவுனோடு கரைக்கே ஓடி வந்து கை காட்டினாள். கேப்டன் வணக்க ஹாரன் கொடுத்தார், மூன்று நீளம், இரண்டு குட்டை. சும்மா யாருக்கும் ஊத மாட்டார் அவர். போன வருடம் மொத்தமே நாலு தடவைதான்.

படகு பக்கத்தில் வந்துவிட்டது. கயிற்றில் வாளியை இறக்குகிறார்கள், கடிதத்தைப் போட வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

வெஸ்

---

ஆகஸ்ட் 13

அன்புள்ள தம்பி,

நலம்தானே? இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி சௌகரியம்.

அந்தக் கல்யாண ஹாரனுக்கு எங்கள் மையத்துக்கு மூன்று அழைப்பு வந்தது, தெரியுமா? புதிதாகக் குடிவந்தவர்கள். "கப்பல் ஏதோ உதவி கேட்டுக் கத்துது மேடம்." ஒவ்வொருவருக்கும் விளக்கிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. உன் கேப்டனிடம் சொல்.

ஆறு முடிந்தது. பேச்சுப் பாடமும் அதில் ஒன்று. உன்னிடம் பேசுவதாக நினைத்துப் பேசினேன், பதினோரு நிமிடம் ஓடி, வெட்ட வேண்டியிருந்தது. புள்ளியியல் முதல் தடவை போய்விட்டது. இரண்டாம் தடவை, எந்த மணிக்கு எத்தனை அழைப்பு வரும் என்று நாங்கள் கணிப்போமே, அதையே மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போட்டேன். தேறிவிட்டேன். அன்று சமையலறையில் தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன், நாய் பயந்துபோனது.

மீதி மூன்றில் இரண்டு பயமில்லை. கடைசிப் பாடம் என்ன என்று ஏப்ரலில் கேட்டாயே, நான் வேண்டுமென்றே எழுதவில்லை. ஒரு கட்டுரை. "உங்களை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்த ஒரு முடிவைப் பற்றி எழுதுங்கள்." இரண்டு தடவை அனுப்பினேன், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. முதல் பக்கத்தை இங்கே எழுதுகிறேன், படித்துச் சொல்:

"1992 செப்டம்பர்: பல்கலைக்கழகத்தில் சேர்க்கை. 1993 மார்ச்: தந்தை மரணம். 1993 மே: குடும்பக் காரணங்களால் படிப்பு நிறுத்தப்பட்டது. 1997: அவசர அழைப்பு மையத்தில் பணி நியமனம்."

இதில் என்ன குறை? எங்கள் பதிவேட்டில் 'நான்' என்று எழுதக் கூடாது, அது முதல் நாளே சொல்லித் தருகிற விதி. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் போனார்கள், அவ்வளவுதான். கை அப்படிப் பழகிவிட்டது. திருத்துபவர் எழுதியிருக்கிறார்: "இங்கே முடிவை எடுத்தது யார்? 1993-க்கும் 1997-க்கும் நடுவில் என்ன ஆயிற்று?" இதற்குப் பதிலாக வேறு பாடம் எடுக்கலாமா என்று ஷனெலிடம் கேட்டேன். "எதை வேணா மாத்தலாம் கோரின், இதை மட்டும் முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

உன் அக்கா

---

செப்டம்பர் 20

வெஸ்லி,

நலமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் கப்பல் இந்த இடைவெளியில் நம் ஊரை நாலு தடவை கடந்துவிட்டது, நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். இருநூறு கஜம் தள்ளித்தான் போகிறாய். மேல்தளத்தில் ஒருவரும் இல்லை.

எட்டு முடிந்தது. கட்டுரை மூன்றாம் தடவையும் திரும்பிவிட்டது. எட்டு போதும் என்று தோன்றுகிறது. இந்த வயதில் எட்டு முடித்ததே பெரிது. பதவி கொடுக்கிற கவுண்டி நிர்வாகத்துக்குத்தான் அது போதாது.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

கோரின்

---

செப்டம்பர் 29
சுப்பீரியர் ஏரி

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால்தான் தாமதம். நம் ஊரைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

உன் கட்டுரையில் 1995 இல்லை. நீ விட்டதை நான் சொல்கிறேன்.

அந்த ஜூன் மாதம் எனக்குப் பதினெட்டு வயது. ஒன்பதாம் தேதி கடல்சார் அகாடமியிலிருந்து எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. நீ கேக் செய்தாய். இரண்டு வாரம் கழித்து உன் பழைய காரை எடுத்துக்கொண்டு போனேன், வண்டிக் காகிதம் காட்டச் சொல்லி ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். முன்பெட்டியைத் திறந்து தேடினேன். அதில் பல்கலைக்கழகத்தின் கடிதம். "உங்கள் வேண்டுகோளின்படி உங்கள் மறுசேர்க்கை ரத்து செய்யப்பட்டது. உங்கள் வேண்டுகோளின் தேதி: ஜூன் 12." அதற்குப் பின்னால் இன்னொன்று, ஏப்ரல் மாதத்தது. உனக்கு மறுபடி இடமும் உதவித்தொகையும் கொடுத்திருந்தார்கள்.

அம்மாவைத் தனியே விட முடியாத காலம் அது. வீட்டில் ஒருவர் இருந்தால்தான் இன்னொருவர் போக முடியும். உனக்குக் காலேஜ் பிடிக்காமல் இல்லை. நீ திரும்பப் போவதாக இருந்தாய். என் கடிதம் வந்த மூன்றாம் நாள் அதை விட்டுவிட்டாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டையும் இருந்தபடியே மடித்து உள்ளே வைத்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டிருந்தால் பேச்சு வந்திருக்கும், ஒருவேளை நீ போயிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. எனக்குக் கப்பல் வேண்டியிருந்தது அக்கா. அப்புறம் இருபத்தெட்டு வருடமாக "எங்கக்காவுக்குப் படிப்பு பிடிக்காது" என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். அது உண்மையாக இருந்தால்தான் நான் நிம்மதியாக இருக்க முடியும். ஏப்ரலில் உனக்கு எழுதினேனே, அப்போதும் அதையே எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது.

கட்டுரையில் என் பெயரைப் போடு. தம்பி தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்தான் என்றும் போடு. அதை எழுதினால் தேறிவிடுவாய். எட்டோடு நிறுத்தாதே. குளிர்பெட்டியில் அந்த ஒன்பதாவது வரி மட்டும் அடிக்காமல் இருக்கிறது, சாப்பிடப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

மன்னித்துக்கொள்.

வெஸ்

---

அக்டோபர் 11

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு,

நான் நலம். முழங்காலுக்கு இப்போது பட்டை கட்டுகிறாயா என்று முதலில் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாயே என்று இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். டெனிஸ் ஒதுங்கியே நடந்தாள். மூன்றாம் நாள் மறுபடி படித்தேன், அப்போது வேறு ஒரு கோபம் வந்தது. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

நீ கேட்டிருந்தால் நான் போயிருப்பேன் என்கிறாய். போயிருக்க மாட்டேன். உன் கடிதம் வந்த அன்று நீ தபால்பெட்டியிலிருந்து வீடு வரைக்கும் செருப்பில்லாமல் ஓடி வந்தாய். அப்பா செத்த பிறகு அம்மா அன்றுதான் முதல் தடவை சிரித்தார். நான் கேக்கை அடுப்பில் வைத்துவிட்டு நின்று யோசித்தேன். அழவில்லை. யாரும் என்னைத் தள்ளவில்லை. இவன் போகட்டும், நான் இருக்கிறேன் என்று நானே முடிவு செய்தேன். மூன்று நாள் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் பிடிக்கவில்லை என்று கதை கட்டினேன், அந்தக் கதையில் நானே மாட்டிக்கொண்டேன்.

உன் கப்பல் போகும்போதெல்லாம் பெஞ்சில் பக்கத்தில் யார் இருந்தாலும் "அதுல முதல் மேட் என் தம்பி" என்று சொல்வேன். தெரியாதவர்களிடம்கூட. இருபத்தெட்டு வருடமாக அந்தப் பெருமையை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நீ வந்து அதை உன் தப்பு என்கிறாய். அது உன் தப்பு இல்லை, என் முடிவு. நான் எடுத்ததிலேயே நல்ல முடிவு அது. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது, திருத்துபவர் கேட்டதற்குப் பதில் இதுதானே. மேலே உள்ளதை அப்படியே எடுத்துக் கட்டுரையில் வைக்கப் போகிறேன். உன் பெயர் இருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்ததை எழுத மாட்டேன், அது நம் வீட்டு விஷயம்.

உன் அக்கா,
கோரின்

---

அக்டோபர் 26

வெஸ்,

நலம். ஒன்பது.

தேறிய செய்தி காலை பத்து இருபதுக்கு வந்தது. திருத்துபவர் ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: "இப்போது தெரிகிறது." ஷனெல் போனில் அழுதாள், நான் அவளைச் சமாதானப்படுத்தினேன், அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தித்தானே பழக்கம். விண்ணப்பத்தைப் பிற்பகலிலேயே கவுண்டி அலுவலகத்தில் கையோடு கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்ட பெண், "பட்டம் உண்டா?" என்று கேட்டாள். "உண்டு" என்றேன். இன்னொரு தடவை கேட்க மாட்டாளா என்று இருந்தது.

பட்டமளிப்பு விழா எங்கேயோ மேற்கில், இரண்டு விமானம் மாற வேண்டும். போகவில்லை. அன்று எனக்கு ஷிஃப்டும் இருக்கிறது.

கோரின்

---

நவம்பர் 8
டுலூத்

அன்பு அக்கா,

நலம். பட்டை கட்டியிருக்கிறேன், திருப்தியா?

சமையற்காரர் ஒன்பதாவது வரியை அடிக்கப் பேனாவை என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கேப்டனிடம் நீட்டினேன். அவர்தான் அடித்தார். இருபத்திரண்டு பேரும் கை தட்டினார்கள், இயந்திர அறையிலிருந்து ஒருவர் எண்ணெய்க் கையோடு ஓடி வந்தார். உன் கடிதத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கோபப்படாதே. "எங்கக்காவுக்குப் படிப்பு பிடிக்காதுன்னு நான் சொன்னது பொய்" என்றும் சொல்லிவிட்டேன்.

விழாவுக்குப் போக மாட்டாய், சரி. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை பிற்பகல் உனக்கு ஷிஃப்ட் உண்டா? காரணமாகத்தான் கேட்கிறேன் என்று நினைக்காதே. சும்மா கேட்டேன்.

வெஸ்

---

நவம்பர் 19

அன்புள்ள தம்பி,

நான் நலம். நீ நலம் என்று நேற்றே காதால் கேட்டுவிட்டேன்.

சும்மாவா கேட்டாய்? எங்கள் மையத்துக்கு ஜன்னல் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதனால் எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டே முக்கால் மணிக்கு என் லைனில் ஒரு அழைப்பு. புதிதாகக் குடிவந்த ஒரு பெரியவர், படபடப்பாக.

"மேடம், இங்க ஆத்துல பெரிய கப்பல் ஒண்ணு நின்னு நின்னு கத்துது. ஏதோ ஆபத்து போல."

"எப்படிக் கத்துது சார்? எண்ணிச் சொல்லுங்க."

"நீளமா மூணு. அப்புறம் சின்னதா ரெண்டு. நிறுத்திட்டு மறுபடியும் அதே மாதிரி."

"கப்பல் பேர் தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் படித்தார் போல, கொஞ்ச நேரம் ஆயிற்று. சொன்னார். உன் கப்பல். இருபத்தாறு வருடத்தில் லைனில் ஆள் இருக்கும்போது நான் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. டெனிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், இருக்கீங்களா? ஆபத்தா?"

"ஆபத்து இல்லை சார். அது வணக்கம். யாருக்காவது மரியாதை செய்யணும்னா அப்படி ஊதுவாங்க."

"அப்படியா? யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

அவர் என்ன ஏது என்று கேட்டார், சொன்னேன். "அடேயப்பா, வாழ்த்துகள்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வெளியே நீட்டிப் பிடித்தார். மூன்றாம் தடவை ஊதியதை நான் முழுசாகக் கேட்டேன். டெனிஸ் என் இருக்கையைத் தள்ளிவிட்டு, "லைனை நான் பார்த்துக்கறேன், ஓடுங்கக்கா" என்றாள். வாகனம் நிறுத்துமிடம் வரைக்கும் ஓடினேன். வீடுகளுக்கு மேலே உன் கப்பலின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

டிசம்பர் ஆறில் நேர்காணல். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உட்கார்ந்து பேசப் போகிறேன், ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் முடிக்க மாட்டேன்.

ஒவ்வொரு அழைப்பையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் அல்லவா? இயக்குநர் இன்று காலை படித்தார், ஒரு வார்த்தையையும் அடிக்கவில்லை. நீயும் படி:

"14:46. ஆற்றில் கப்பல் ஹாரன் குறித்து விசாரணை. நேரில் யாரும் அனுப்பப்படவில்லை. ஆபத்து இல்லை. காரணம்: நான் பட்டம் வாங்கிவிட்டேன்."

உன் அக்கா,
கோரின்